முப்பது நாள் சந்தோஷம்

மனித மனம் மூன்று வகைப்படும் என்பதை, 1943ஆம் ஆண்டின் தொடக்கத்தில், ஜப்பானியர் வசமிருந்த மலாயாவில் லூனாசுக்கு அருகிலிருந்த ஒரு தோட்ட மருத்துவமனையின் தாதிப் பயிற்சி இல்லம் கண்டறிந்தது. அவை முழுப்பேர், அரைப்பேர், பேரில்லை. ரப்பர்த் தோட்டங்களில் நாள் முழுக்க உழைத்தவருக்கு முழுப்பேரும், பாதியில் திரும்பியவருக்கு அரைப்பேரும் குறிப்பதும், வராதவரை விட்டுவிடுவதும் நெடுநாள் வழக்கம். அதை உடம்பிலிருந்து மனத்துக்கு மாற்றியதுதான் இல்லத்தின் பங்களிப்பு.

இந்தக் கண்டுபிடிப்புக்குக் காரணமானவள் பிரேமாவதி என்ற மாணவி. பிப்ரவரியில் ஒரு நாள் வார்டு வேலை முடிந்ததும் அவள் நேராகப் போய் மருத்துவமனைக்குப் பின்னாலிருந்த ஆற்றில் இறங்கினாள், திரும்பவில்லை. அவளோடு ஒரு வெள்ளைச் சீருடையும், ஒரு ஜோடிக் காலணியும், இல்லத்திலிருந்த இரண்டு வெப்பமானிகளில் ஒன்றும் போய்விட்டன. வட்டாரச் சுகாதார அதிகாரியான ஜப்பானியர் வெப்பமானியைப் பற்றி விளக்கம் கேட்டார். மனம் சரியில்லாத பெண் கொண்டுபோய்விட்டாள் என்று பதில் எழுதப்பட்டது. மனம் சரியில்லாத மாணவிகள் இன்னும் எத்தனை பேர், அவர்கள் வசம் இருக்கும் பொருள்கள் எவை என்று மறு கடிதம் வந்தது. ஒரே வாரத்தில் 'மாணவத் தாதியர் மனநல ஆலோசனை, ஆதரவு மன்றம்' நிறுவப்பட்டது. மிஞ்சிய வெப்பமானி பெட்டியில் வைத்துப் பூட்டப்பட்டது.

மன்றத்தின் தலைமை ஆலோசகராக முருகையா நியமிக்கப்பட்டார். வெள்ளைக்காரத் துரை ஓடிப்போவதற்கு முன் அவர் தோட்டத்தின் பெரிய கிராணி, அதாவது தலைமைக் கணக்கர். விடியுமுன் தொழிலாளரை வரிசையில் நிறுத்திப் பெயர் கூப்பிடும் பெரட்டை அவர் பதினெட்டு ஆண்டுகள் நடத்தியிருந்தார். நானூறு பெயர்களைத் தாளிலிருந்து தலை நிமிராமல் கூப்பிட்டு முடிப்பார். இத்தனை பெயர்களை அறிந்தவர் அத்தனை மனங்களையும் அறிந்திருக்கத்தானே வேண்டும் என்று மன்றம் கருதியது. மன்றத்தின் மற்றோர் உறுப்பினர் டிரஸ்ஸர் சுப்பிரமணியம். டாக்டர் இல்லாத மருத்துவமனையில் காயம் கட்டுவது முதல் மரணச் சான்று எழுதுவது வரை எல்லாம் அவரே. அவர் நல்லவர் என்று எல்லோரும் சொன்னார்கள். அவர் எதையும் மறுத்துப் பேசி யாரும் கேட்டதில்லை.

இல்லத்தின் ஒரு நாள் இவ்வாறு தொடங்கும். தோக்கியோ நேரப்படி மணி ஏழாகும்போது, அதாவது தோட்டத்துச் சேவல்கள் இன்னும் உறங்கிக்கொண்டிருக்கும்போது, இருபத்திரண்டு மாணவிகளும் முற்றத்தில் வரிசையாக நிற்பார்கள். தோக்கியோ இருக்கும் திசை என்று அறிவிக்கப்பட்டிருந்த பக்கத்தில் கழிப்பறைகள் இருந்தன. அவற்றைப் பார்த்து இடுப்பு வளையக் கும்பிடுவார்கள். பிறகு முருகையா பெயர் கூப்பிடுவார். முன்போல 'இருக்கேன்' என்று சொல்லக்கூடாது. 'சந்தோஷம்' என்று சொல்ல வேண்டும். குரல் தெளிவாக வந்தால் முழுப்பேர். கம்மினால், இருமினால், நடுங்கினால் அரைப்பேர். குரலே வராவிட்டால் பேரில்லை. பக்கத்தில் சமையற்காரர் அம்மாசி மரவள்ளிக் கஞ்சிப் பானையோடு நிற்பார். முழுப்பேருக்கு ஒரு மங்கு நிறைய, அரைப்பேருக்கு அரை மங்கு, பேரில்லாதவருக்கு அந்த இடத்தில் நிற்கும் அனுமதி.

"வெள்ளைக்காரன் வைத்தியம் தலைகீழா இருந்துச்சு" என்று முருகையா விளக்குவார். "பசிச்சா துக்கம் வரும்னு அவன் நெனச்சான். துக்கமா இருக்கறவங்களுக்குப் பசியே எடுக்காதுங்கறத அவன் கவனிக்கல. எடுக்காத பசிக்கு எதுக்குக் கஞ்சி?"

முதல் வாரத்தில் நவமணிக்கு இரண்டு முறை அரைப்பேர் விழுந்தது. பத்தொன்பது வயது, வரிசையில் எல்லோரையும்விட உயரம். உயரமானவர்களுக்குத் தனிப் பசி உண்டு என்பதை மன்றம் ஏற்றுக்கொள்ளவில்லை.

"என்னடி நவமணி, இன்னிக்கு இருமிக்கிட்டே சந்தோஷப்பட்டியே" என்றாள் பக்கத்தில் நின்ற ராக்காயி. "பாதி மங்கு போச்சு பாத்தியா?"

"தொண்ட கட்டிக்கிச்சிலா."

"தொண்டைக்கும் மனசுக்கும் சம்பந்தமில்லன்னு கிராணிகிட்டப் போய்ச் சொல்லிப் பாரேன். மிச்சப் பாதியும் போயிரும்."

நவமணிக்கு அடுத்த படுக்கை பாப்பம்மாவுடையது. பாடாங் மேஹா பக்கத்துத் தோட்டத்துப் பெண், பதினாறு வயது. மார்ச் மாதத்தில் அவளுடைய அண்ணன் அய்யாவு, பால் வெட்டிக்கொண்டிருந்த மரத்தடியிலிருந்து கையில் உளியோடு, ஜப்பானியர் போட்டுக்கொண்டிருந்த சயாம் ரயில் பாதை வேலைக்கு லாரியில் ஏற்றப்பட்டான். தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் அம்மா மட்டும் தனியாக இருந்தாள். அந்தச் செய்தி வந்த பின்பும் பாப்பம்மா பேசிக்கொண்டுதான் இருந்தாள். மருந்தில்லாத புண் வார்டில் உப்புத் தண்ணீரால் கால் கழுவிவிடுவது அவள் வேலை. ஒரு நாள் அப்படிக் கழுவும்போது ஒரு நோயாளி அவளுடைய மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு செத்துப்போனான். விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தெடுக்க டிரஸ்ஸருக்கு அரை மணி நேரமானது. அதுவரை அவள் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். அதன்பிறகு பேச்சு நின்றுவிட்டது. தன் துணிகளை ஒரு மூட்டையாகக் கட்டித் தலைமாட்டில் வைத்துக்கொண்டாள். அவள் கேட்க விரும்பியது முழுவதும் அந்த மூட்டையில் இருந்தது.

ஒன்பது நாள் 'பேரில்லை' விழுந்த பிறகு நவமணி அவளை மன்றத்துக்கு அழைத்துப்போனாள். தன் மங்குக் கஞ்சியை இருவருக்குப் பகிர்ந்து பகிர்ந்து அவளுக்கும் கண் இருண்டுகொண்டு வந்தது.

"வாம்மா, உக்காரு" என்றார் முருகையா. "இல்ல, நின்னுக்கிட்டே இரு. உக்காந்தா மனசும் கீழ போயிரும்."

"கிராணியய்யா, இவ பேச்சே இல்லாம கெடக்கறா. அம்மாவ ஒரு தரம் பாத்துட்டு வந்தா சரியாயிருவா. மூணு நாள் லீவு குடுங்கய்யா."

"மொதல்ல ஆலோசனை. அப்பறம்தான் மத்ததெல்லாம்." முருகையா ஒரு தாளை எடுத்து, மன்றத்தின் முத்திரை தெரியும்படி பிடித்துக்கொண்டு, எழுத்துத் தமிழில் படித்தார். "ஆலோசனை ஒன்று: கவலைப்படாதே. ஆலோசனை இரண்டு: முதல் ஆலோசனையை மறவாதே. ஆலோசனை மூன்று: உன்னைவிட மோசமான நிலையில் இருப்பவர்களை நினைத்துப் பார்." தாளை மடித்து வைத்தார். "நெனச்சுப் பாத்தியாம்மா?"

பாப்பம்மா சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவளவிட மோசமா இருந்தவன்தான் அவ கையப் புடிச்சுக்கிட்டே செத்தான்யா" என்றாள் நவமணி.

"பாத்தியா, உதாரணம் கையிலயே இருந்திருக்கு." முருகையா டிரஸ்ஸரைப் பார்த்தார். டிரஸ்ஸர் தலையாட்டினார். "லீவு விஷயம் என்னன்னா, துக்கமா இருக்கறவள வீட்டுக்கு அனுப்பினா தோட்டமே துக்கமாயிரும். தொத்து வியாதி மாதிரி. சந்தோஷமா இருக்கறவங்களுக்குத்தான் லீவு."

"சந்தோஷமா இருந்தா எதுக்குய்யா லீவு?"

"இதே கேள்விய மன்றமும் கேட்டுச்சு. அதனாலதான் முப்பது நாள்னு வெச்சிருக்கோம். விடாம முப்பது நாள் முழுப்பேர் வாங்கினா வீட்டுக்குப் போகலாம். அதுக்குள்ள போகணும்ங்கற எண்ணமே அவளுக்குப் போயிரும்." அவர் நவமணியைக் கனிவோடு பார்த்தார். "நீ இவ்வளவு அக்கறையா இருக்கியே, உன்னையே இவளுக்கு ஆதரவுத் துணையாப் போட்டுடறேன். துணைன்னா என்ன? அவ துக்கத்துல பாதி உன்னோடது. அவ தேறற வரைக்கும் உனக்கும் அரைப்பேர்தான்."

"நான் இன்னிக்கு நல்லா சத்தமா சொன்னேனேய்யா!"

"துணைக்கு வந்தப்பறம் தனிச் சந்தோஷம் ஏதும்மா?"

மறுநாள் காலை நடந்ததைத் தோட்டத்தில் வளராதவர்கள் ஏமாற்று வேலை என்று சொல்லக்கூடும். தோட்டத்துப் பெரட்டில் அது அன்றாடம் நடப்பது. பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டு லயத்தில் தாமதமாகிவிட்ட பெண்ணுக்காகப் பக்கத்து வீட்டுக்காரி குரல் கொடுப்பாள். கிராணி தாளைத்தான் பார்ப்பார், முகத்தைப் பார்க்கமாட்டார். இதே தோட்டத்தில் பால் வெட்டிய நவமணியின் அம்மா பத்துப் பேருக்குப் பத்துக் குரலில் பதில் சொல்லக்கூடியவள். எனவே, "பாப்பம்மா" என்று முருகையா கூப்பிட்டபோது, யோசிக்காமலே நவமணியின் தொண்டையிலிருந்து ஒரு மெல்லிய, இளைய குரல் புறப்பட்டது.

"சந்தோஷம்."

முருகையாவின் பென்சில் முழுப்பேரைக் குறித்தது. அம்மாசி ஒரு நொடி தயங்கி, நவமணியைப் பார்த்து, பாப்பம்மாவைப் பார்த்து, மங்கை நிறைத்தார்.

"அடி ஆத்தே" என்று ராக்காயி காதோடு சொன்னாள். "ஒரு வாயில ரெண்டு சந்தோஷமா! எனக்கும் ஒண்ணு போட்டுவிடேன்."

"சும்மா இருடி. முப்பது நாளுதான். இவள வீட்டுல சேத்துட்டாப் போதும்."

அன்று முதல் ஒவ்வொரு காலையும் கஞ்சியைப் பாப்பம்மாவின் வாயருகே பிடித்துக்கொண்டு நவமணி சொல்வாள்: "குடிடி. இன்னும் இருபத்தொம்பது நாளுதான். லோரி வரும். அம்மாகிட்டப் போயிரலாம்." மறுநாள் இருபத்தெட்டு. அதற்கு மறுநாள் இருபத்தேழு. பாப்பம்மா பேசவில்லை; ஆனால் குடித்தாள். மூட்டையின் முடிச்சைத் தினமும் ஒருமுறை அவிழ்த்து, இறுக்கிக் கட்டினாள்.

மன்றத்தின் சுவரில் ஒரு பெரிய தாள் தொங்கியது. முழுப்பேர் ஒவ்வொன்றுக்கும் அதில் ஒரு சிவப்புச் சூரியன். யாருடைய வரிசையும் ஒரு வாரத்துக்கு மேல் நீடிக்கவில்லை. ராக்காயிக்கு ஒரு நாள் சிரிப்பு வந்துவிட்டது. சந்தோஷத்துக்கு மேற்பட்ட சந்தோஷம் சந்தேகத்துக்குரியது என்று அரைப்பேர் விழுந்தது. நவமணிக்கே தொண்டை பல நாள் சரியில்லை. இரண்டு குரலில் ஒன்றுதான் தேறும் என்ற நாள்களில் அவள் நல்ல குரலைப் பாப்பம்மாவுக்குக் கொடுத்தாள். ஆகவே பாப்பம்மாவின் வரிசையில் மட்டும் சூரியன்கள் இடைவெளியின்றி உதித்துக்கொண்டிருந்தன. இருபதாம் நாள், வட்டாரத்திலேயே மிகச் சந்தோஷமான தாதி மாணவி அவள் என்று மன்றம் மேலிடத்துக்கு அறிக்கை அனுப்பியது.

அறிக்கையைப் படித்துவிட்டுப் பெண்டாங்கிலிருந்தும் பிற ஊர்களிலிருந்தும் அதிகாரிகள் பார்வையிட வந்தார்கள். அவளை ஒரு நாற்காலியில் உட்காரவைத்து முருகையா விளக்கம் சொன்னார்.

"ஏன் பேசமாட்டேங்குது?" என்று ஒருவர் கேட்டார்.

"பேச்சுங்கறது ஏதாவது குறை இருந்தா வர்றதுங்க. இவளுக்குக் குறையே இல்ல."

"மெலிஞ்சு போயிருக்கே?"

"அது கவலையோட எடைங்க. எறங்கிருச்சு."

"கண்ணுல தண்ணி வருதே?"

முருகையா டிரஸ்ஸரைப் பார்த்தார். டிரஸ்ஸர் சுப்பிரமணியம் முன்வந்து, பாப்பம்மாவின் நாடியைப் பிடித்துப் பார்த்தார். அது எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்கவே அவருக்கு நேரமானது. 'நாடி: மிக அமைதி' என்று எழுதினார். எல்லோரும் திருப்தியடைந்தார்கள். முழுமை பெற்ற மனத்தின் அடையாளம் மௌனமே என்பதையும், பிற மாணவிகள் இன்னும் பேசிக்கொண்டிருப்பது ஆலோசனையின் போதாமையையே காட்டுகிறது என்பதையும் வந்தவர்களில் ஒருவர் குறிப்பேட்டில் பதிந்துகொண்டார்.

முப்பதாம் நாள் வந்தது. நவமணி அதிகாலையிலேயே பாப்பம்மாவின் தலையை வாரிப் பின்னிவிட்டாள். பெரட்டு முடிந்ததும் யாரும் கலையக்கூடாது என்று அறிவிக்கப்பட்டது. வட்டாரச் சுகாதார அதிகாரி வந்து மேசைமேல் ஏறி நின்றார். அவர் பேசப் பேச, மொழிபெயர்ப்பாளர் தமிழில் சொன்னார்:

"பேரரசு எந்தத் துயரத்தையும் அலட்சியம் செய்வதில்லை. சயாம் ரயில் பாதை முகாம்களில் துயரம் மிகுந்திருப்பதாகச் சில பலவீனமானவர்கள் சொல்கிறார்கள். அங்கே மருந்து அனுப்பும்படி கேட்கிறார்கள். மருந்து தீர்ந்துபோகும் பொருள். சந்தோஷம் தீராது. துயரம் உள்ள இடத்துக்குத் துயரப்படுகிறவரை அனுப்புவது வீண் செலவு. எனவே ஒவ்வொரு இல்லமும் தன் சந்தோஷமான மாணவியை அனுப்ப வேண்டும். இந்த இல்லம் யாரை அனுப்பும் என்று நாங்கள் கேட்க வேண்டியதே இல்லாமற்போனதற்காக மன்றத்தைப் பாராட்டுகிறேன். லாரி மூன்று மணிக்கு வரும்."

கைதட்டல் ஏற்கெனவே ஒத்திகை பார்க்கப்பட்டிருந்தது. இருபத்தொரு ஜோடிக் கைகள் தட்டின. அவற்றில் நவமணியின் கைகளும் இருந்தன. என்ன சொல்லப்பட்டது என்பது தட்டி முடித்த பிறகுதான் அவளுக்குப் புரிந்தது.

அவள் மன்றத்துக்கு ஓடினாள்.

"கிராணியய்யா, அது நாந்தான்! முப்பது நாளும் நாந்தான் குரல் குடுத்தேன். அவ ஒரு நாள்கூட வாயத் தொறக்கல. அவளுக்குச் சந்தோஷம் கெடையாதுய்யா, வீட்டுக்கு அனுப்பிருங்க, கும்பிடறேன்!"

முருகையா கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"பதினெட்டு வருஷம் பெரட்டு எடுத்தவன்மா நான். உங்கம்மா குரல் குடுக்கறப்பவே எனக்குத் தெரியும். உன் குரல் தெரியாதா?"

"தெரிஞ்சேவா சூரியன் போட்டீங்க?"

"போன மாசம் காயிதம் வந்துச்சு, ஒருத்திய அனுப்பணும்னு. அழுவறவள அனுப்பினா, மன்றம் என்ன பண்ணிக்கிட்டு இருந்துச்சுன்னு கேப்பான். மன்றம் வேணாம்னு முடிவாச்சுன்னா, எனக்கு எந்த லோரியில எடம் போடுவான் சொல்லு? யாராவது ஒருத்தி சந்தோஷமா இருக்க வேண்டியிருந்துச்சு. நீதான் ஆளப் புடிச்சுக் குடுத்த." அவர் குரலில் கோபம் இல்லை. "சரி, நீ சொல்றது நெசம்னே வெச்சுக்குவோம். அப்ப அந்த முப்பது சந்தோஷமும் யாரோடது? குரல் யாரோடதோ அவளோடது. டிரஸ்ஸரே, நியாயந்தானே?"

டிரஸ்ஸர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி தலையாட்டினார்.

"பேர மாத்தி எழுதறதுக்கு ஒரு நிமிஷம் போதும்மா. பாப்பம்மாவ அடிச்சுட்டு நவமணின்னு போட்டுடறேன். அவ வீட்டுக்குப் போவட்டும், நீ ஏறு. கூப்பிடறேன், பதில் சொல்லு." அவர் தாளை விரித்து, பென்சிலை எடுத்து, பழகிய குரலில் கூப்பிட்டார்: "நவமணி."

சுவரில் முப்பது சூரியன்கள் இருந்தன. வெளியே அம்மாசி பானை கழுவும் சத்தம் கேட்டது. முருகையா தன் பதினெட்டு ஆண்டு அனுபவத்தில் முதல் முறையாகத் தலை நிமிர்ந்து, கூப்பிடப்பட்டவளின் முகத்தைப் பார்த்தார்.

நவமணி வாய் திறந்தாள். குரல் வரவில்லை.

"பேரில்ல" என்று சொல்லி, அவர் தாளை மடித்தார். அன்று மட்டும் அவளுக்கு மன்னிப்பு வழங்கப்பட்டது.

மூன்று மணிக்கு லாரி வந்தது. பாப்பம்மாவுக்குப் புதுச் சீருடை கொடுத்திருந்தார்கள். பிரேமாவதியின் சீருடை ஆற்றோடு போனதிலிருந்து காலியாகக் கிடந்த எண் அதில் தைக்கப்பட்டிருந்தது. மாலைக்குப் பூ கிடைக்கவில்லை. கட்டுத்துணியைச் சுருக்கிச் சுருக்கி ராக்காயி ஒரு மாலை செய்திருந்தாள். அதைப் போட்டுவிடும்போது அவள் யாரையும் கேலி செய்யவில்லை. பாப்பம்மா லாரியைப் பார்த்தாள். மூட்டையை எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டாள். யாரும் தூக்கிவிடாமல் தானே ஏறினாள். ஏறியவள் திரும்பி, முப்பத்தொன்பது நாள்களுக்குப் பிறகு, துருப்பிடித்த கீல் திறப்பது போன்ற குரலில் கேட்டாள்:

"அக்கா, இது அம்மாகிட்டப் போற லோரிதானே?"

எல்லோரும் நவமணியைப் பார்த்தார்கள்.

"ஆமாடி" என்றாள் நவமணி. குரல் தெளிவாக இருந்தது.

பாப்பம்மா சிரித்தாள். லாரி வடக்கே திரும்பியது. முருகையா அங்கேயே நின்றபடி, முன்னால் நின்ற டிரஸ்ஸரின் முதுகில் தாளை வைத்து எழுதினார்: 'மாணவி பேசினாள். சிரித்தாள். ஆலோசனையும் ஆதரவும் பூரண வெற்றி.' அதற்குக் கீழே, ஆதரவுத் துணையாகச் செயலாற்றிய நவமணி இன்று முதல் துணை ஆலோசகராக உயர்த்தப்படுவதாக இன்னொரு வரி சேர்த்தார்.

மறுநாள் காலை மணி ஏழுக்கு இருபத்தொரு மாணவிகள் கழிப்பறைகளைக் கும்பிட்டு நிமிர்ந்தார்கள். பெயர்ப் பட்டியல் மேலிடத்தில் தட்டச்சாகி வருவது. அதிலிருந்து ஒரு பெயரை நீக்கும் அதிகாரம் இல்லத்துக்குக் கிடையாது. முருகையா வழக்கம்போலத் தலை நிமிராமல் கூப்பிட்டுக்கொண்டே வந்தார்.

"ராக்காயி."

"சந்தோஷம்."

"நவமணி."

"சந்தோஷம்."

"பாப்பம்மா."

வரிசை அசையாமல் நின்றது. அம்மாசியின் கையில் கரண்டி பாதியில் நின்றது. முருகையாவின் பென்சில் காத்திருந்தது. எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் அது காத்திருக்கும் என்று தோன்றியது.

"சந்தோஷம்" என்றது ஒரு மெல்லிய, இளைய குரல்.

ராக்காயி ஓர் அடி தள்ளி நின்றாள். அம்மாசி இரண்டு மங்குகளை நிறைத்து, இரண்டையும் ஒருத்தியிடமே நீட்டினார். நவமணி முதல் மங்கை நின்றபடி குடித்தாள். பிறகு இரண்டாவதையும் குடித்தாள். அடியில் ஒட்டியிருந்ததை விரலால் வழித்து நக்கினாள்.